குதிரையின் வாய்

ஆங்கில மரபுத்தொடர்களில் நாயும் பூனையும் நிறையவே உண்டு. என் மனம் போவது குதிரைப் பக்கம். அதிலும் அதன் வாயைச் சுற்றிப் பிறந்த தொடர்களிடம்.

குதிரை வாங்குபவர்கள் விற்பவன் சொல்லும் வயதை நம்பிவிடுவதில்லை, உதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார்கள். 5 வயதுக்குள் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் வந்துவிடும். ஏறக்குறைய 10 வயதில் மேல்வரிசைக் கடைசி முன்பல்லின் ஈறோரம் ஒரு கோடு தலைகாட்டும். 15இல் அது பாதிப் பல்லுக்கு இறங்கும், 20இல் பல் முழுக்க ஓடும். முதுமையில் பற்கள் சாய்ந்து நீண்டு தெரியும். ‘லாங் இன் தி டூத்’ என்று ஒருவரைச் சொல்வது இந்தப் பார்வையிலிருந்து வந்தது. வயதாகிவிட்டது என்பதோடு, இனி வேலைக்கு ஆகமாட்டார் என்ற குத்தலும் அதில் உண்டு. மனிதரை விலைபேசும் சொல் அது. பெரியவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது.

இனாமாக வந்த குதிரையின் வாயை ஆராயாதே என்பது பெருந்தன்மையான பழமொழி. ஜான் ஹேவுட் 1546இல் வெளியிட்ட தொகுப்பில் அது இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டிலேயே புனித ஜெரோம் லத்தீனில் அதைப் பழமொழியாகக் குறிப்பிட்டிருக்கிறார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம்மவர்களும் சொல்லியிருக்கிறார்கள். உழவர் வீட்டில் மாடு அல்லவா!

எனக்கு மிகப் பிடித்தது ‘ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் தி ஹார்ஸஸ் மவுத்’. நேராகக் குதிரையின் வாயிலிருந்தே வந்த செய்தி, அதாவது விஷயம் தெரிந்தவரே சொன்னது என்று பொருள். பந்தயத்தில் எது ஜெயிக்கும் என்று லாயக்காரர் சொன்னால் நம்பலாம், பயிற்சியாளர் சொன்னால் இன்னும் நம்பலாம். குதிரையே சொல்லிவிட்டால்? அதற்கு மேல் சாட்சி ஏது!