மூன்று கட்டு வீட்டில் ஒரே தாளம்

ஆராதனை அன்று காலை திருவையாற்றிலிருந்து ஆகாசவாணி பஞ்சரத்னத்தை ஒலிபரப்பும்போது, கூடத்தில் ஒரு ரேடியோ, அடுப்பங்கரையில் ஒரு ரேடியோ வைத்தால் போதும். இரண்டும் ஒன்றாகவே பாடும். இணைய ஸ்பீக்கர்களுக்கு மாறியபின் அந்தச் சுகம் போய்விட்டது. கூடத்தில் மிருதங்கத்தின் ‘தோம்’ விழும்; அரை நொடி கழித்து அதே ‘தோம்’ அடுப்பங்கரையில் விழும். ஆதி தாளம் போட உட்கார்ந்த அம்மா கையை மடியில் வைத்துவிட்டார். அதைச் சரிசெய்யத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளின் அமைப்பு தெரிந்ததுதான். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீளமாகப் போகும். நடுவே ஒன்றரை அடிச் செங்கல் சுவர்கள். ரேழியில் இருக்கும் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டாவது சுவரிலேயே சோர்ந்துவிடுகிறது. 2.4 தாண்டும், ஆனால் அங்கே பக்கத்து வீட்டு வைஃபைகளின் நெரிசல்.

பலரும் உடனே வேகமான பிளானுக்கு மாறுகிறார்கள். அது வீண் செலவு. சுருக்காத சிடி தரத்துப் பாட்டுக்கே நொடிக்கு 1.4 மெகாபிட்தான் வேண்டும். ஐந்து அறைக்கும் சேர்த்து 7 மெகாபிட். குறை வீட்டுக்குள்ளே இருக்கிறது. கம்பியில்லா மெஷ் பெட்டிகளையும் வைத்துப் பார்த்தேன். ஒரு பெட்டி அடுத்த பெட்டியோடு பேசுவதும் அதே சுவர் வழியாகத்தானே? கொல்லைப்புற அறையில் பாட்டு விட்டுவிட்டுத்தான் வந்தது.

கடைசியில் கேட் 6 கேபிள் இழுத்தேன். தாழ்வாரத்து உத்தரத்தை ஒட்டி, பிவிசி குழாய்க்குள். குழாய் அவசியம்: அறுப்பு முடிந்ததும் வயல் எலி வீட்டுக்குள் வரும், கேபிளைக் கடிக்கும். இரண்டாம் கட்டில் ஒரு ஸ்விட்ச், அதிலிருந்து ஒரு ஆக்சஸ் பாயிண்ட். வெளியே இருக்கும் மோட்டார் கொட்டகைக்கு மட்டும் செம்புக் கம்பி போடவில்லை. ஐப்பசி இடி மின்னலில் அது வீட்டுக் கருவிகளுக்கே ஆபத்து.

ஒலியை இணைத்தது ஸ்னாப்காஸ்ட் என்ற இலவச மென்பொருள். கூடத்தில் இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி பாட்டைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் நேர முத்திரை குத்தி அனுப்புகிறது. மற்ற அறைகளில் இருக்கும் பைகள் அவற்றைச் சேர்த்து வைத்து, குறித்த நேரத்தில் ஒலிக்கவிடுகின்றன. அதனால் வீடு முழுக்கப் பாட்டு ஏறக்குறைய ஒரு நொடி தாமதமாகவே வரும். ஆனால் எல்லா அறையிலும் ஒன்றாக வரும். லினக்ஸ் கட்டளை தட்டப் பழகாதவர்களுக்கு முதல் நாள் சிரமம்தான், மறைக்க மாட்டேன். ஒவ்வொரு பைக்கும் ரவுட்டரில் நிலையான ஐபி முகவரி கொடுத்துவிடுங்கள்.

மின்வெட்டுதான் கடைசித் தொல்லை. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண நேரத்தில் ரவுட்டர் அணைந்து எழுந்தது. பாட்டு இரண்டு நிமிடம் நின்றது. ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்தபின் அது தீர்ந்தது.

இந்த முறை ஆராதனை ஒலிபரப்புக்கு அம்மா நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகம் வரை தாளம் போட்டார், நடுவில் காபி கலக்க எழுந்துபோனபோதும்.

பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை: ஸ்பீக்கர் வாங்கும் முன் கேபிள் இழுங்கள்.