இணைப்படத்தில் இல்லாத தோழி

எங்கள் ஆயாவுக்கு வாழ்நாளில் எடுத்த போட்டோ ஒன்றே ஒன்றுதான். தாத்தாவும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம். அவள் இறந்தபோது சிங்காரப்பேட்டை ஸ்டூடியோவில் கொடுத்து, அவளை மட்டும் தனியே எடுத்து மாலை போட்டோம். அந்தப் படத்தின் ஓரத்தில் தாத்தாவின் தோள் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தப் படத்தின் மூதாதையைக் கம்பெனி ஓவியங்களில் பார்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தஞ்சாவூரிலும் பிற ஊர்களிலும் ஐரோப்பியர் கேட்டுக்கொண்டதற்காக நம் ஓவியர்கள் சாதிகளையும் தொழில்களையும் வரைந்தார்கள். வரைந்த முறை பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு ஆண், அவன் மனைவி. மதுரையில் 1837இல் அமெரிக்க மிஷனரிகளுக்காகத் தொகுத்த ஆல்பத்தில் இப்படி 72 படங்கள். ஆங்கிலத்திலும் தமிழிலும் தலைப்புகள். இன்று அது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

இவ்வகை ஓவியங்களால் நமக்குக் கிடைத்தது கொஞ்சமல்ல. சேலைக்கட்டு, காதணி, கள்ளுப்பானை, கூடை எல்லாம் துல்லியம். ஆனால் அவற்றின் பின்னணியில் பெரும்பாலும் ஒரு துண்டுத் தரையும் வெறும் வானமும்தான். அடுப்பு இல்லை, கிணற்றடி இல்லை. எனக்கு உறுத்துவது அதைவிடப் பெரிய இன்மை: இணைப்படத்தில் ஒரு பெண்ணின் பக்கத்தில் இன்னொரு பெண் நிற்பதேயில்லை. தண்ணீர் எடுப்பது, நாற்று நடுவது, பிரசவம் பார்ப்பது, இழவுக்கு அழுவது எனப் பெண்கள் கூடிச் செய்த அன்றாடம் முழுவதும் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது.

இது தற்செயலா? சாதியைத் தாங்கி நிற்பது அகமணம் என்று அம்பேத்கர் 1916இல் எழுதினார். சாதியைப் படமாக்க நினைத்தவர்களுக்கு இணை தேவைப்பட்டது ஏன் என்று அங்கே புரிகிறது. மனைவி அவனுடைய சாதியின் எல்லைக்கல்லாக நிறுத்தப்படுகிறாள். அந்தக் கல்லைத் தாண்டியதற்காக இளையவர்கள் கொல்லப்பட்ட மாவட்டம் எங்களுடையது. பழைய படம்தானே என்று என்னால் புரட்டிப் போக முடியவில்லை.

மதுரை ஆல்பத்துக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1841இல், அயர்லாந்தின் பிரெடரிக் வில்லியம் பர்ட்டன் ஒரு நீர்வண்ண ஓவியத்தைத் தீட்டினார். ஏரன் தீவின் மீனவக் குடிசை, கடலில் மூழ்கி இறந்த குழந்தை, சுற்றிலும் துக்கம். 'கீனிங்' எனப்படும் அவர்களுடைய ஒப்பாரியும் பெண்களின் கலைதான். பர்ட்டனும் வெளியிலிருந்து வந்து பார்த்த ஆண்தான். துயரத்தை அழகாக்கியும் இருக்கிறார். ஆனாலும் அந்த வீட்டுக்குள் பெண்கள் ஒருவருக்கொருவர் இருக்கிறார்கள்.

ஆயாவின் சாவுக்கு வந்த பெண்கள் தோளோடு தோள் பிடித்து வட்டமாய் உட்கார்ந்து அழுதார்கள். வீட்டில் யாரும் கூப்பிடாத அவள் பெயரை அன்றுதான் அத்தனை முறை கேட்டேன். பெண்களின் வட்டம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காலனியிலிருந்து வந்தவர்கள் வாசலுக்கு வெளியே தனி வட்டமாக நின்று அழுதார்கள். ஆயாவோடு ஒரே வயலில், ஒரே வரிசையில் நாற்று நட்டவர்கள் அவர்கள். வாசல்படியைத் தாண்டி வாருங்கள் என்று எங்களில் ஒருத்தியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வகுப்பில் இந்த ஓவியங்களைக் காட்டும்போது மாணவிகள் முதலில் நகைகளைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். பிறகு நான் கேட்பது ஒரே கேள்விதான்: இவளோடு வேலை செய்தவள் எங்கே? அவளையும் வரைவதென்றால், இந்தப் பெண்ணின் எந்தப் பக்கத்தில், எவ்வளவு தள்ளி நிறுத்துவீர்கள்?