பொம்பள ஆளுக்கு எவ்வளவு?

ஒவ்வோர் ஆண்டும் முதுகலை வகுப்பில் 'குருதிப்புனல்' நடத்துகிறேன். கீழ்வெண்மணியை வாசிக்காமல் தஞ்சைப் பிள்ளைகள் தமிழ் எம்.ஏ. முடிக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். சென்ற ஆண்டு, நடவு நாட்களில் அம்மாவோடு வயலில் இறங்கும் மாணவி ஒருத்தி, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்: "மேடம், இதுல பொம்பள ஆளுக்கு எவ்வளவு கூலி?"

பதில் தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்காகவே, கையில் பென்சிலோடு, நாவலை மறுபடி படித்தேன்.

1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். செத்தவர்கள் பெண்கள், ஆனால் 'கூலி கேட்டவர்கள்' என்றதும் நம் மனக்கண்ணில் கொடி பிடித்த ஆண்கள்தான் வருகிறார்கள். இந்திரா பார்த்தசாரதியின் நாவல் இந்தப் பழக்கத்தைக் குலைக்கவில்லை. பண்ணையார் கண்ணையா நாயுடுவின் ஆண்மைக் குறைவை அவர் வன்முறைக்கு வேராக வைத்தார். வர்க்கப் பிரச்சினையை மனக்கோளாறு ஆக்கிவிட்டார் என்று இடதுசாரிகள் சண்டை போட்டார்கள். நியாயமான சண்டைதான். என் சண்டை அதற்கு அடுத்த வரப்பில் இருக்கிறது. ஆண்மை உண்டா இல்லையா என்பதே கதையின் அச்சாகிவிட்டால், பெண் அதற்குச் சாட்சி சொல்லும் உடலாகிவிடுகிறாள். காலை முதல் சேற்றில் குனிந்திருந்த முதுகும், அதற்கு அளந்து போட்ட நெல்லும் எழுத்துக்குள் வராமலே போகின்றன.

ஒரு தற்செயலைச் சொல்ல வேண்டும். நாவல் வெளியான 1975ஆம் ஆண்டில்தான் சம ஊதிய அவசரச் சட்டமும் வந்தது. மறு ஆண்டு அது முழுச் சட்டமாயிற்று. ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. படிக்க நன்றாக இருக்கிறது. டெல்டாவில் நாற்றுப் பறிப்பது, வரப்பு வெட்டுவது ஆணுக்கு. நடவும் களையெடுப்பும் பெண்ணுக்கு. நடவு வரிசையில் ஆண் நிற்பதே இல்லை என்றால் அவள் கூலியை எவன் கூலியோடு ஒப்பிடுவது? வேலையைப் பிரித்தவர்களே சட்டத்துக்கும் விடை எழுதி வைத்துவிட்டார்கள்.

விடுப்பு இதைவிட மோசம். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் என்றுதான் தொடங்கியது. தோட்டம் என்பதில் தேயிலை உண்டு, நெல் வயல் இல்லை. 2017 திருத்தத்துக்குப் பிறகு வால்பாறையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. மன்னார்குடியில் நாற்று நடுபவளுக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான அரசு நிதியுதவி வருகிறது, வரட்டும். அது உதவி. உரிமையாகக் கேட்டுப் பெறும் விடுப்பு வேறு.

ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்' நாவலில் பதில் கிடைக்குமோ என்று தேடினேன். மணலூர் மணியம்மை தலைமுடியைக் கத்தரித்து, வேட்டி சட்டை அணிந்து, பண்ணையாட்களோடு நின்றவர். ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதுகிற ராஜம் அம்மாவின் உழைப்பின் மீது எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் அங்கும், என் வாசிப்பில், தலைவி தனித்துத் தெரிகிறாள். கூலிக்காரப் பெண்கள் கூட்டமாகத் தெரிகிறார்கள்.

இதையெல்லாம் இத்தனை வருடம் நான் ஏன் கவனிக்கவில்லை? வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். நிரந்தர வேலை கிடைப்பதற்கு முன் ஒரு கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்தில் பாடம் எடுத்தேன். பிரசவத்துக்குப் போன நாட்களுக்குச் சம்பளம் இல்லை. நாற்பதாம் நாள், பால் கட்டிய மார்போடு வகுப்பில் நின்று சங்க இலக்கியம் நடத்தினேன். சட்டம் என் பக்கம் இருந்தது. கேட்டால் அடுத்த பருவத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயத்தில் வாய் திறக்கவில்லை.

அந்த மாணவியிடம், அம்மாவைக் கேட்டு வா, ஆண்களைவிடக் குறைவாக ஏன் வாங்குகிறார் என்று அனுப்பினேன். மறுநாள் வந்து சொன்னாள்: "கேட்டா அடுத்த நடவுக்குக் கூப்புட மாட்டாங்களாம் மேடம்."

இந்த ஆண்டு உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஒரு வினா சேர்த்திருக்கிறேன். 'குருதிப்புனலில் கூலி யாருடையது? பத்து மதிப்பெண்.'