லயத்து வைஃபை: ஹுவாவே பி310 கைப்பழக்கம்

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கத்தில் பல தோட்டங்களுக்கு பைபர் கேபிள் இன்னும் ஏறவில்லை. 2020இலும் 2021இலும் பிள்ளைகள் சூம் வகுப்புக்காகக் கல்லுக் கல்லாக ஏறி நின்ற பிறகு, கடன் பட்டாவது ஒரு 4ஜி ரவுட்டர் வாங்கிய வீடுகள் அதிகம். அப்படி வந்த பெட்டிகளில் ஒன்று ஹுவாவே பி310. புதுசு இல்லை, ஆனால் கைமாறிக் கைமாறி இன்னும் ஓடுகிறது.

காகிதத்தில் இறக்கம் வினாடிக்கு 150 மெகாபிட், ஏற்றம் 50. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். பின்னால் ஒரு லேன் போர்ட், ஒரு போன் போர்ட், வெளி அன்டெனாவுக்கு இரண்டு துளைகள். மலைநாட்டில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த இரண்டு துளைகள்தான். 150 மெகாபிட்டை இங்கே யாரும் பார்க்கப் போவதில்லை.

செட்டிங்ஸுக்குப் போக பிரவுசரில் 192.168.8.1 என்று அடிக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் வைஃபை பெயரை மாற்றத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அதை விட்டுவிட்டு முதலில் சாதனத் தகவல் பக்கத்தைத் திறவுங்கள். ஆர்எஸ்ஆர்பி என்று ஒரு எண் இருக்கும். சிக்னலின் பலம் அது. மைனஸ் 80க்குப் பக்கத்தில் இருந்தால் ராஜயோகம், மைனஸ் 110ஐத் தாண்டினால் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். அலுமாரிக்கு மேலே, தகரக் கூரையை ஒட்டினாற்போல் வைத்தபோது எனக்குக் காட்டியது மைனஸ் 112. அதே பெட்டியை இஸ்தோப்புப் பக்கத்து ஜன்னல் கட்டையில், டவர் இருக்கும் மலையைப் பார்த்து வைத்தேன்: மைனஸ் 96. பதினாறு எண்தானே என்று நினைக்க வேண்டாம், வந்து சேரும் சக்தி ஏறக்குறைய 40 மடங்கு. இதற்கு ஐந்து சதம் செலவில்லை. ஆர்எஸ்ஆர்பிக்குக் கீழே உள்ள எஸ்ஐஎன்ஆர், இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்ற கணக்கு. 20க்கு மேல் போனால் நல்லது, சைபருக்குக் கீழே இறங்கினால் பெட்டியை இன்னும் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும்.

மிஸ்ட் இறங்கினால் சிக்னல் போகும் என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். வீட்டு 4ஜிக்குப் பயன்படும் 2300 மெகாஹெர்ட்ஸ் அலையை மூடுபனி ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. மழையில் நனைந்து நிற்கும் யூகலிப்டஸ் இலைகள் செய்யும்; குறுக்கே நிற்கும் மலை அதைவிட அதிகமாகச் செய்யும். ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் இரண்டும் நன்றாக இருந்தும் இரவு எட்டு மணிக்கு மட்டும் இழுத்தால், டவரில் கூட்டம். அதற்கு எந்த மெனுவிலும் மருந்து இல்லை.

வெளி அன்டெனா வாங்கினால் இரண்டாக வாங்குங்கள். ஒன்றை மட்டும் மாட்டினால் பாதி வேலைதான். மாட்டிய பிறகு சிஸ்டம் பக்கத்தில் அன்டெனா என்ற இடத்தைத் தேடி ‘எக்ஸ்டர்னல்’ என்று மாற்றுங்கள்.

கைமாறி வந்த பெட்டியில் அடிக்கடி நடப்பது இது: சிக்னல் நிறைய இருக்கும், இன்டர்நெட் வராது. பழைய சிம்மின் ஏபிஎன், அதாவது கம்பனியின் இன்டர்நெட் வாசலின் பெயர், உள்ளே அப்படியே கிடப்பதுதான் காரணம். புரொஃபைல் மெனேஜ்மென்ட்டில் உங்கள் கம்பனி சொல்லும் ஏபிஎன்னைப் புதிதாகப் போட்டு, அதையே டிஃபோல்ட் ஆக்கிவிட்டால் சரி. நெட்வொர்க் மோடை ‘4ஜி ஒன்லி’க்கு மாற்றினால் பலம் குறைந்த இடத்தில் லைன் 4ஜியிலிருந்து கீழிறங்கி அங்கேயே உட்கார்ந்துவிடாது. பின்னால் போன் செருகியிருக்கிறவர்கள் மட்டும் மாற்றிய பிறகு ஒரு கோல் எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும், சில சிம்களில் கோல் நின்றுவிடும்.

லயத்தில் வைஃபைக்கு இன்னொரு சோதனை உண்டு. சுவருக்குச் சுவர் காம்பரா, காம்பராவுக்கு ஒரு ரவுட்டர். சேனலை 1, 6, 11 மூன்றில் காலியானதற்கு மாற்றி, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுத் தம்பிக்கு பாஸ்வேர்ட் தெரிந்து, மாத டேட்டா பதினைந்தாம் திகதியே முடிகிறதா? அவன் போனை மேக் ஃபில்டரில் தடுப்பதில் பயனில்லை. இப்போதைய போன்கள் தங்கள் மேக் எண்ணை மாற்றிக்காட்டும். பாஸ்வேர்டை மாற்றுங்கள், கூடவே உள்ளே நுழையும் ‘அட்மின்’ பாஸ்வேர்டையும். இரண்டாவதை விட்டால், வைஃபையில் இணைந்த ஒரு போன் கைக்குக் கிடைத்தாலே முதலாவதை அவன் ஒரு நிமிஷத்தில் படித்துவிடுவான்.

டவுனில் கடை வைத்திருப்பவர்கள் சிசிடிவிக்காக போர்ட் ஃபோர்வர்டிங் கேட்கிறார்கள். மெனு இருக்கிறது. ஆனால் 4ஜி சிம்மில் ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பதுதான் வழக்கம், ஆகவே வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் பெட்டிவரை வராது. கிளவுட் வழியாகப் பார்க்கும் கெமரா வாங்குவதே வழி.

இதன் அடப்டர் 12 வோல்ட். 2022 மார்ச் கடைசியில் கரண்ட் 13 மணித்தியாலம் போன நாட்களுக்குப் பிறகு கடைகளில் நிறைந்த மினி யூபிஎஸ்களில் 12 வோல்ட் முனை பார்த்து வாங்கினால் போதும். 9 வோல்ட் முனையில் செருகிவிட்டுப் பெட்டியைக் குறை சொல்லக்கூடாது.

தனி வீடு கட்டி 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் தேடுகிறவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் சாட்டலைட் இன்டர்நெட்டுக்கு மலை தடை இல்லை, விலைதான் தடை. ஒரு காம்பரா, மூன்று போன், ஒரு பிள்ளையின் பாடம் என்றால் பி310 இன்னும் தாங்கும். பழையது வாங்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள்: வேறு கம்பனி சிம்மைப் போட்டுக் கடையிலேயே ஓட்டிப் பார்ப்பது ஒன்று, அடியில் ஒட்டியிருக்கும் ஐஎம்இஐ எண்ணை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்று கேட்பது மற்றது.