முகம் காட்டாத செசிலியா

ரோமில் டைபர் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது திராஸ்தேவெரே. அங்குள்ள புனித செசிலியா பேராலயத்தில், பீடத்தின் கீழே, கறுப்புக் கல் மாடத்துக்குள் வெண்சலவைக்கல்லில் ஒரு பெண் ஒருக்களித்துக் கிடக்கிறாள். ஸ்தெபானோ மதெர்னோ 1600இல் செதுக்கிய சிலை. அப்போது அவருக்கு ஏறக்குறைய இருபத்தைந்து வயது.

மறைசாட்சிகளின் சுரூபங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே ஒன்றும் பிடிபடாது. வானத்தை நோக்கிய விழிகள் இல்லை, குருத்தோலை இல்லை, கிரீடமும் இல்லை. இசைக்குப் பாதுகாவலி என்கிறோம், அருகில் ஒரு வாத்தியம்கூடக் கிடையாது. முகத்தையே காணோம்! உடல் நம் பக்கம் பார்த்திருக்கிறது, தலை மட்டும் மறுபக்கம் திரும்பித் தரையில் கவிழ்ந்திருக்கிறது. தலையைத் துணி சுற்றியிருக்கிறது. மடங்கிய முழங்கால்களையும் உடையின் மெல்லிய மடிப்புகளையும் பார்த்து, தூங்குகிறாள் என்றே நினைத்துவிடலாம். கழுத்துக்கு வந்ததும் பார்வை இடறும். உயிருள்ள எவரும் அந்தக் கோணத்தில் தூங்க முடியாது. போதாததற்கு, அந்தக் கழுத்தில் மெல்லியதாக ஒரு வெட்டு. கொலையைப் பற்றி மதெர்னோ சொல்வது அவ்வளவுதான்.

பிறகு கைகள். முன்னால் நீண்டு, ஒன்றோடொன்று நெருங்கித் தளர்ந்து கிடக்கின்றன. வலக்கையில் மூன்று விரல்கள் நீண்டிருக்கின்றன, இடக்கையில் ஒன்று. மூன்று ஆட்கள், ஒரே கடவுள். பேச்சு நின்றுபோன பிறகும் விரல்கள் விசுவாசப் பிரமாணம் சொல்கின்றன என்று பக்தர்கள் வாசிப்பார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, இந்தச் செய்தியைச் சிற்பி உரக்கச் சொல்லாததுதான். தெரியாதவருக்கு அவை வெறுமனே சோர்ந்த கைகள்.

செசிலியாவின் கதை பழையது, ஆனால் அவள் காலத்து ஏடு அல்ல, 5ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. வரலாற்று ஆசிரியர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. ஆனால் சொல்லியிருக்கும் விதத்தில் நயம் உண்டு. கடவுளுக்கே தன்னைக் கொடுத்துவிட்ட உயர்குடிப் பெண்ணை வலேரியனுக்கு மணம் முடிக்கிறார்கள். கல்யாண வாத்தியங்கள் முழங்க, அவள் மனத்துக்குள் ஆண்டவருக்கு மட்டும் பாடிக்கொண்டிருக்கிறாள். இசைக்கு அவள் பாதுகாவலி ஆனது இந்த ஒரு வரியால்தான். வலேரியன் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பும்போது ஒரு வானதூதர் இருவருக்கும் ரோஜாவும் லீலியுமாக மலர்முடி தருகிறார். வலேரியனின் தம்பி திபூர்சியுஸ் அறைக்குள் வருகிறான். பூக்கள் அவன் கண்ணில் படவில்லை. பூக்காத பருவத்தில் பூமணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறான். அவனுடைய விசுவாசம் மூக்கில் தொடங்குகிறது!

விசுவாசத்துக்காகச் சகோதரர் இருவரும் கொல்லப்பட்டபின் செசிலியாவை அவள் வீட்டு வெந்நீர் அறையிலேயே அடைத்துச் சூடேற்றுகிறார்கள், சாகவில்லை. கொலையாளி மூன்று முறை வெட்டுகிறான். நான்காவது வெட்டுக்குச் சட்டம் இடம் தராது. மூன்று நாள் உயிரோடு கிடந்து, உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்து, வீட்டைக் கோவிலாக்கச் சொல்லிவிட்டு இறக்கிறாள். பழைய ரோமானியக் குளியலறை ஒன்றின் எச்சத்தை இன்றும் ஆலயத்தின் பக்கச் சிற்றாலயத்தில் காட்டுகிறார்கள்.

821இல் திருத்தந்தை முதலாம் பாஸ்கால் அவளுடைய திருப்பண்டங்களைச் சுரங்கக் கல்லறையிலிருந்து இங்கே கொண்டுவந்தார். 1599இல் கர்தினால் ஸ்பொந்திராத்தி ஆலயத்தைப் புதுப்பிக்கும்போது கல்லறை திறக்கப்பட்டது. சைப்ரஸ் மரப் பேழைக்குள் உடல் அழியாமல், ஒருக்களித்துக் கிடந்ததாக அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. மரியாதை கருதி மேலிருந்த துணியை யாரும் விலக்கவில்லையாம். அப்படியானால் சிலையில் முகம் மறைந்திருப்பதற்கு அந்தத் துணியும் ஒரு காரணமாக இருக்கலாம். கண்ணால் கண்டபடியே செதுக்கினேன் என்று மதெர்னோ பெயரில் தரையில் கல்வெட்டு உண்டு. அவர் நிஜமாகவே பேழையைப் பார்த்தாரா என்று அறிஞர்கள் இன்னும் சர்ச்சை செய்கிறார்கள். பார்க்காமலே செதுக்கியிருந்தால் என் வியப்பு கூடுமே தவிரக் குறையாது.

பொலோனியாவில் ரபேல் வரைந்த செசிலியா இருக்கிறாள். கையிலுள்ள சிற்றார்கன் தலைகீழாகச் சரிகிறது, அதன் குழல்கள் கழன்று நழுவுகின்றன, காலடியில் உடைந்த வாத்தியங்கள். அவளோ மேலே வானதூதர்களின் பாட்டைக் கேட்டு நிற்கிறாள். அந்த நழுவும் குழல்கள் அபாரம்தான். இருந்தாலும் சுற்றிலும் நான்கு புனிதர்கள், மேலே வானோர் கூட்டம் என்று ரபேலுக்கு நிறையத் துணை தேவைப்பட்டது. மதெர்னோ ஒரு கழுத்தையும் இரண்டு கைகளையும் வைத்தே சாதித்துவிட்டார். இருவரில் பெரிய கலைஞர் ரபேல்தான். ஆனால் பெரிய செசிலியா மதெர்னோவுடையவள்.

ரோமுக்குப் போகிறவர்களைக் கலிஸ்துஸ் சுரங்கக் கல்லறைக்கு அழைத்துப்போய், அங்கிருக்கும் சிலையைக் காட்டுவார்கள். அது பிரதி. மூலத்தைப் பார்க்க வேண்டுமானால் திராஸ்தேவெரேக்கே போங்கள். பீடத்தின் முன் நன்றாகக் குனிந்து பாருங்கள். நின்றபடி பார்த்தால் விரல்கள் சரியாகத் தெரியாது.