தோட்டப் புனைகதையும் பால்வெட்டுத் திறனும்

அகிலனின் ‘பால்மரக்காட்டினிலே’ போன்ற நாவல்களால் மலேசியத் தோட்டத் தொழிலாளியின் துயர் நமக்கு நன்கு அறிமுகம். எனினும் அவன் தொழில் எவ்வாறு மறைந்தது என்பதை நம் தோட்டப் புனைகதைகளுள் பெரும்பாலானவை துல்லியமாக ஆராயவில்லை.

கோப்பெங் வட்டாரம் இருவகை இழப்புகளைக் கண்டது. ஈயத்தில் பொறியே ஆளை விலக்கிற்று. பெரும்பாலும் சீனத் தொழிலாளரை. கோப்பெங்கில் குன்றிலிருந்து குழாய்வழி இறக்கிய நீர் மண்ணைக் கரைத்தது. கிந்தாப் பள்ளத்தாக்கில் 1913 முதல் ஈயக்கப்பல்கள் மண்ணை வாரின. 1938இல் கட்டப்பட்ட ஒன்று 1982 வரை இயங்கி, இன்று பத்து காஜா அருகே காட்சிப்பொருளாக நிற்கிறது.

இரப்பரில் அவ்வாறன்று. விடியுமுன், உள்மரம் காயப்படாமல் பட்டையை மெல்லிதாகச் சீவும் கைக்கு ஈடான பொறி தோட்டங்களுக்கு வரவில்லை. மரமே மாற்றப்பட்டது. செம்பனைக்கு ஏக்கருக்குக் குறைவான ஆட்களே போதும்; உளி பிடித்துப் பழகிய கைக்கு அங்கு வேலையில்லை.

இவ்வேறுபாட்டைக் காணாத கதைகளில் பால்வெட்டு வறுமையின் அடையாளமாகச் சுருங்குகிறது. மங்கும் கோட்டுப்பாலும் வட்டார மணத்திற்காக மட்டுமே இடம்பெறுகின்றன, தேர்ச்சி பேசப்படுவதில்லை. (பிரட்டுக்களக் காட்சி இல்லாத தோட்டக்கதை அரிது, வெட்டும் முறையை விவரிக்கும் கதை அதனினும் அரிது.) செயற்கை நுண்ணறிவால் வேலையிழப்போரைப் பற்றி இன்று எழுதத் தொடங்கும் நம் எழுத்தாளர்களும் ‘பறிபோனது’ என்னும் ஒற்றைச் சொல்லிலேயே நின்றுவிடுகின்றனர்.