கணக்கேட்டில் ஒலிக்கும் ஊர்க்குரல்

வரவு செலவுக் கணக்கு இலக்கியமாகுமா என ஐயுறுவோர், ஈமன் டஃபி 2001-இல் வெளியிட்ட ‘மோர்பாத்தின் குரல்கள்’ என்னும் ஆங்கில வரலாற்று நூலைப் படித்துப் பார்த்தல் நலம்.

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் விளிம்பில் அமைந்த சிற்றூர் மோர்பாத். பதினாறாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்தவை 33 குடும்பங்களே. 1520 முதல் 1574 வரை அவ்வூர்த் தேவாலயத்தில் பணியாற்றிய கிறிஸ்டோபர் டிரிக்கி என்னும் பாதிரியார் எழுதிய கணக்கேடே இந்நூலுக்கு மூலம்.

அவ்வூர்ப் பொதுநிதிக்கு முதலாய் விளங்கியவற்றுள் தலையானவை ஆடுகள். தேவாலயத்துக்குரிய ஆடுகளை ஊரார் தத்தம் மந்தையோடு சேர்த்து மேய்த்தனர். கம்பளி விற்ற பணம் விளக்குகளுக்கும் வழிபாட்டுக்கும் சென்றது. தேவாலயத்தின் பேரால் பீர் காய்ச்சி விற்கும் ஊர் விருந்தும் வருவாய் தந்தது. இளைஞருக்கும் கன்னியருக்கும் தனித்தனி நிதிகள் இருந்தன. நிதியைக் காத்தவர்களின் கணக்கு ஊரார் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டது. அந்த வாசிப்பிலேயே அவ்வூரின் ஒற்றுமை குடிகொண்டிருந்தது என டஃபி காட்டும் இடம் நூலின் சிகரம்.

1547-இல் ஆறாம் எட்வர்டு அரியணை ஏறியதும் நிலை மாறியது. இறந்தோருக்கான வழிபாட்டுக்கும் விளக்கெரிக்கவும் விடப்பட்ட நிலங்களையும் நிதிகளையும் அவ்வாண்டுச் சட்டம் அரசுடைமையாக்கியது. மோர்பாத்தின் ஆடுகள் விலைபோயின, நிதிகள் மறைந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய கறுப்பு வழிபாட்டு அங்கி, வாங்கிய வேகத்திலேயே பயனற்றுப் போனது. 1549-இல் மேற்கு மாவட்டங்களில் கலகம் மூண்டபோது, ஊரார் ஐவரைச் செலவு கொடுத்து எக்ஸிடர் நகரருகே இருந்த கலகக்காரர் பாசறைக்கு அனுப்பினர். அச்செலவும் கணக்கில் பதிவாயிற்று!

நூலில் குறையே இல்லையா? உண்டு. ‘குரல்கள்’ என்பது தலைப்பு. நாம் கேட்பதோ பாதிரியார் ஒருவரின் குரல். ஆசிரியர் இதனை மறைக்கவில்லை; எனினும் பழைய ஒழுங்கின்மீது அவர் கொண்ட பரிவு, அவ்வொழுங்கில் வாய் திறக்க இயலாத ஏழையரை நிழலிலேயே நிறுத்திவிடுகிறது.

1601-இல் இங்கிலாந்து மற்றொரு சட்டம் இயற்றியது. கொடைநிலங்களும் கொடைப்பணமும் திசைமாறிப் போவதை விசாரிக்க ஆணையர்களை நியமிக்க அது வழிசெய்தது. சட்டம் பிந்தி வந்த காவல். ஊரார் கேட்க உரக்கப் படிக்கும் கணக்கே முந்திய காவல். இவ்வுண்மையை உணர்த்துவதற்காகவே இந்நூல் போற்றத்தக்கது.